வள்ளத்துக்கு ஓர் இலத்திரனியல் சாய்வுமானி: செய்வது, திருத்துவது, நம்புவது

கொக்கிளாய் தொடங்கி மாத்தளன் வரையும், மேற்கே வலைப்பாடு, நாச்சிக்குடாப் பக்கமும் ஓடுகிற 18 முதல் 23 அடிக் கண்ணாடியிழை வள்ளங்களில் சாய்வை அளக்கப் பெரும்பாலும் எந்தக் கருவியும் இல்லை. வள்ளத்தை நடத்தும் தண்டையலின் காலும் இடுப்பும்தான் கருவி. அது நல்ல கருவியே. ஆனால் இரவில், களைப்பில், நனைந்த வலை ஏறி வள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்போது, மாற்றம் மெதுவாக வருவதால் உடம்புக்குப் பிடிபடாது. அந்த மெதுவான மாற்றத்தை எண்ணாகக் காட்டுவதே இங்கே சொல்லப்படும் கருவியின் வேலை. பாகங்கள் மலிவானவை. சிக்கல் முழுவதும் நிரலிலும் பொருத்துமிடத்திலும்தான் இருக்கிறது. பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரிந்த, ஆர்டுயினோ என்ற சிறு நிரற்பலகையில் ஒரு விளக்கையாவது மின்னவைத்த ஒருவரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

எந்த எண்களைக் காட்ட வேண்டும்

மூன்று எண்கள் போதும். இந்தக் கணத்தில் வள்ளம் எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்பது ஒன்று. கடந்த ஒரு நிமிடத்தின் சராசரிச் சாய்வு இரண்டாவது. ஒரு பக்கம் போய், மறுபக்கம் போய், மீண்டும் முதல் பக்கம் வர எத்தனை செக்கன் என்கிற ஆட்டக் காலம் மூன்றாவது. புதிதாகச் செய்பவர்கள் முதல் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது கண்ணுக்கே தெரிகிற விசயம். பின்னைய இரண்டும்தான் கண்ணுக்குத் தெரியாதவை.

சராசரி பூச்சியத்தில் நில்லாமல் ஒரு பக்கம் 3, 4 பாகையில் தங்கினால் பாரம் ஒதுங்கியிருக்கிறது, அல்லது வள்ளத்துக்குள் தண்ணீர் சேர்கிறது. சரிந்த பக்கம் சிறிது நேரத்தில் தானாகவே மறுபக்கம் மாறி அங்கே தங்கினால் அது இன்னும் மோசம்: பாரம் மிக மேலே ஏறி, வள்ளம் நேராக நிற்கும் வலுவையே இழந்துவிட்டது. அந்த வேளையில் உயர்ந்த பக்கத்துக்குப் பாரத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் வள்ளம் மறுபக்கத்துக்கு வேகத்தோடு விழும். முதலில் பாரத்தைத் தாழ்த்த வேண்டும்.

ஆட்டக் காலம் குறுகியிருந்தால் வள்ளம் விறைப்பு (சரிந்தால் சட்டென்று நிமிரும்), நீண்டால் தளர்வு (மெதுவாகவே நிமிரும்). மெதுவான ஆட்டம் உடம்புக்குச் சுகமாக இருக்கும். அதனால்தான் ஏமாறுகிறோம். பெரிய கப்பலிலும் இதே கதைதான், சிலவேளை தலைகீழாக: 2008 செப்ரெம்பரில் ஹொங்கொங்குக்கு அப்பால் புயலில் சிக்கிய சிக்காகோ எக்ஸ்பிரஸ் என்ற கொள்கலன் கப்பல் 44 பாகை வரை புரண்டது, ஒருவர் உயிரிழந்தார். அதன் பாரம் தாழ்ந்து, விறைப்பு மிகையாக இருந்ததுதான் ஆட்டத்தின் கொடூரத்துக்கு ஒரு காரணம். 2013 ஜூனில் சர்வதேச கடல்சார் அமைப்பு இலத்திரனியல் சாய்வுமானிக்கென ஒரு செயற்றிறன் நியமத்தை ஏற்றது. இருபக்கமும் 90 பாகை வரை அளக்க வேண்டும். பிழை வாசிப்பின் 5 வீதம் அல்லது 1 பாகை, இரண்டில் எது பெரிதோ அதற்குள் இருக்க வேண்டும். 4 முதல் 40 செக்கன் வரையான ஆட்டக் காலத்தைக் கணிக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய வரிகள். 2026 ஜனவரி 1 முதல் கட்டப்படும் 3,000 மொத்தத் தொன்னும் அதற்கு மேற்பட்டதுமான கொள்கலன் கப்பல்களுக்கும் பொதியாக்காத மொத்தச் சரக்கு ஏற்றும் கப்பல்களுக்கும் இக்கருவி கட்டாயம். நாம் செய்வது அந்த அங்கீகாரம் பெற்ற கருவி அல்ல; ஆனால் 1 பாகை என்ற இலக்கை நாமும் வைத்துக்கொள்ளலாம், அது எட்டக்கூடியதே. ஆட்டக் காலத்தில் மட்டும் நமது தேவை வேறு. சிறு வள்ளம் 2, 3 செக்கனில் ஆடிவிடும்.

ஊசலும் நீர்க்குமிழும் ஏன் பிழை காட்டுகின்றன

இதை விளங்காமல் கருவியைக் கட்டினால் பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது. ஊசல், குமிழ்மட்டம், ஆர்முடுகல்மானி (வேக மாற்றத்தை அளக்கும் உணரி) மூன்றும் ஒரே குடும்பம்: மூன்றும் ‘கீழ்’ எது என்று தேடுகின்றன. நிலத்தில் அது புவியீர்ப்பின் திசை. ஆடுகிற வள்ளத்தில் ஈர்ப்போடு பக்கவாட்டு ஆர்முடுகலும் சேர்ந்துவிடும்.

எவ்வளவு சேரும்? வள்ளம் தன் ஆட்ட அச்சைச் சுற்றி 2.5 செக்கனுக்கு ஒருமுறை ஆடுகிறது என்று வையுங்கள். அச்சிலிருந்து 1 மீற்றர் உயரத்தில் வைத்த ஆர்முடுகல்மானி உண்மையான 10 பாகையை ஏறக்குறைய 16 பாகையாகக் காட்டும். அரை மீற்றரில் 13 பாகை. அச்சின் மட்டத்தில் இந்தப் பிழை இல்லை. அச்சுக்குக் கீழே வைத்தால் குறைத்துக் காட்டும். கணக்கு இதுதான்: 6.28 ஐ ஆட்டக் காலத்தால் பிரித்து, வர்க்கித்து, உயரத்தால் பெருக்கி, 9.81 ஆல் பிரியுங்கள். வருவது மிகைப் பங்கு.

திரும்பும்போது வருவது இன்னொரு பிழை. பஸ் வளைவில் திரும்பும்போது நிற்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வதைப் போன்றது. 15 நொட் வேகத்தில் 30 மீற்றர் ஆரையில் திரும்பினால், துளியும் சரியாத வள்ளத்தைக்கூட ஆர்முடுகல்மானி 11 பாகை சரிந்ததாகச் சொல்லும்.

சுழிமானி, அதாவது கோணவேகத்தை அளக்கும் உணரி, இந்த இரண்டுக்கும் அசையாது. ஆனால் அதற்கு வேறு வியாதி: சும்மா இருக்கும்போதும் சிறு வேகம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். அதைக் கூட்டிக் கூட்டிக் கோணம் கணித்தால் கோணம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஆகவே குறுகிய நேரத்துக்குச் சுழிமானியையும் நீண்ட நேரத்துக்கு ஆர்முடுகல்மானியையும் நம்புகிற ஒரு கலவை வேண்டும்.

வாங்க வேண்டியவை

எம்பியு-6050 உணரி பதித்த ஜிவை-521 சிறு பலகை ஒன்று. அதில் மூன்று அச்சு ஆர்முடுகல்மானியும் மூன்று அச்சுச் சுழிமானியும் ஒரே சிப்பில் இருக்கின்றன. ஆர்டுயினோ நானோ ஒன்று. 0.96 அங்குல ஓஎல்இடி திரை, எஸ்எஸ்டி1306 வகை. எல்எம்2596 வோல்ற்றளவு குறைப்பான் பலகை. 5 வோல்ற் பஸர். 500 மில்லியம்பியர் உருகியும் அதன் கூடும். 1என்5819 இருவாயி ஒன்று. 100 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று. தெளிவான மூடியுள்ள ஐபி65 பெட்டி (தூசியும் தண்ணீர்த் தாரையும் புகாத தரம்), வயர் நுழையும் இறுக்கி. இவை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்காவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே நடையில் வாங்கலாம். உணரிப் பலகையை மட்டும் இரண்டாக வாங்குங்கள். சந்தையில் போலிகள் அதிகம்.

மின்னுக்கு, வள்ளத்தில் ஜிபிஎஸ்ஸுக்கும் விளக்குக்கும் வைத்திருக்கும் 12 வோல்ற் பற்றரி போதும். கயிறு இழுத்து ஸ்ரார்ட் செய்யும் வெளியிணைப்பு என்ஜினோடு பற்றரியே இல்லையென்றால் 12 வோல்ற் 7 அம்பியர்மணி மூடிய பற்றரி ஒன்று எடுங்கள். பவர் பாங்கை நம்ப வேண்டாம். இந்தக் கருவி இழுக்கும் மின் மிகச் சிறியது; பல பவர் பாங்குகள் ‘ஒன்றும் பூட்டவில்லை’ என்று எண்ணித் தாமாக அணைந்துவிடும், அதுவும் நடுக்கடலில்.

இணைப்பு

பற்றரியின் நேர்முனையிலிருந்து முதலில் உருகி, பிறகு இருவாயி, பிறகு குறைப்பான். இருவாயி எதற்கு என்றால், இருட்டில் பற்றரியை மாற்றும்போது யாராவது வயரைத் தலைகீழாகப் பூட்டத்தான் போகிறார்கள். நானோவைப் பூட்டுமுன் குறைப்பானின் திருகைத் திருப்பி வெளியீட்டைச் சரியாக 5.0 வோல்ற்றில் நிறுத்துங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ற்றிலும் நிற்கலாம். பிறகு அதை நானோவின் 5 வோல்ற் முனைக்குக் கொடுங்கள். அருகிலேயே 100 மைக்ரோபரட் கொள்ளளவியை நேர்முனைக்கும் தரைக்கும் இடையில் பற்றவையுங்கள். 12 வோல்ற்றை நானோவின் ‘வின்’ முனைக்கு நேரே கொடுப்பவர்கள் உண்டு. பற்றரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ற்றைத் தாண்டும். மூடிய பெட்டியில், வன்னி வெயிலில், அந்தச் சின்னச் சீராக்கி நின்றுபிடிக்காது.

உணரியின் தரவு வயர் ஏ4 முனைக்கும் கடிகார வயர் ஏ5 முனைக்கும் போகும். திரையும் அதே இரண்டில். இந்த வயர்கள் 30 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. உணரியை அணியத்திலும் (வள்ளத்தின் முன்பக்கத்திலும்) திரையைப் பின்பக்கத்திலும் வைத்து 3 மீற்றர் வயர் இழுத்தால் கரையில் வேலை செய்யும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் உறைந்து நிற்கும். எல்லாமே ஒரே பெட்டியில் இருக்கட்டும். பஸர் டி9 முனைக்கு. வெள்ளீயம் பூசிய செப்பு வயரைத் தேடி வாங்குங்கள். வெறும் செப்பு உப்புக்காற்றில் பச்சையாகிக் காப்புறைக்குள்ளேயே அரித்துப்போகும்.

நிரலில் கவனிக்க வேண்டியவை

உணரியின் முகவரி பதினாறடிமானத்தில் 68. முதலில் அதன் அடையாளப் பதிவேட்டை (பதிவேடு என்பது சிப்பினுள் ஓர் எண்ணை வைத்திருக்கும் சிறு இடம்), அதாவது பதினாறடிமானம் 75 ஐ, வாசியுங்கள். 68 வந்தால் சரி. 70 வந்தால் உங்களுக்குக் கிடைத்தது எம்பியு-6500. வேலை செய்யும், ஆனால் அதில் ஆர்முடுகல்மானியின் வடிகட்டி வேறு பதிவேட்டில், 1டி இல், இருக்கிறது. வேறு எதுவும் வந்தால் அது வேறு சிப், அல்லது போலி. மின் கொடுத்ததும் சிப் உறங்கிக்கொண்டிருக்கும். 6பி பதிவேட்டில் பூச்சியம் எழுதினால்தான் விழிக்கும். பூச்சியங்களாகவே வாசிப்பு வருகிறது என்று சொல்பவர்களில் அரைவாசிப்பேர் இதை மறந்தவர்கள்.

ஆர்முடுகல் வீச்சை 8 ஜி இல் வையுங்கள் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு). ஆயத்த நிரல் நூலகங்கள் வழமையாக 2 ஜி இல் வைக்கும். அலையில் வள்ளம் மோதிக் குதிக்கும்போது அது உச்சத்தில் வெட்டுண்டு சராசரியையே கெடுக்கும். 8 ஜி இல் ஒரு ஜி க்கு 4096 எண்ணிக்கை. சுழிமானி செக்கனுக்கு 250 பாகை வீச்சில் இருந்தால் போதும்: 30 பாகை வீச்சத்தில் 2.5 செக்கன் ஆட்டத்தின் உச்ச வேகமே 75 பாகைதான். அங்கே ஒரு பாகைக்கு 131 எண்ணிக்கை.

அடுத்தது அதிர்வு. இரு சிலிண்டர் இரட்டை அடிப்பு வெளியிணைப்பு என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு 167 வெடிப்பு. நீங்கள் செக்கனுக்கு 100 முறை வாசித்தால் அந்த அதிர்வு மாறுவேடம் போட்டுத் தாழ்ந்த மீடிறனாக உள்ளே நுழையும். வாசித்த பிறகு மென்பொருளில் வடிகட்டி இதைத் தீர்க்க முடியாது. சிப்பின் உள்ளேயே வடிகட்ட வேண்டும்: 1ஏ பதிவேட்டில் 5 எழுதினால் எல்லை 10 ஹேர்ட்ஸ். வள்ளத்தின் ஆட்டம் அரை ஹேர்ட்ஸ் அளவில்தான், எதையும் இழக்கமாட்டீர்கள்.

இனிக் கலவை. பலகையின் எக்ஸ் அம்பு அணியத்தை நோக்க, சிப் மேலே பார்க்க வைத்தால் வை அச்சு இடப்பக்கம் நோக்கும். வை ஆர்முடுகலையும் இசட் ஆர்முடுகலையும் நேர்மாறு தாஞ்சன் சார்புக்குக் கொடுத்தால், வலப்பக்கம் சரியும்போது நேர்க்குறியோடு கோணம் வரும். எக்ஸ் சுழிமானியும் அதே குறியில் இருக்கும். ஒவ்வொரு வாசிப்பிலும், பழைய கோணத்தோடு சுழிமானி வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டி அதற்குப் பெரிய நிறையும், ஆர்முடுகல்மானிக் கோணத்துக்குச் சிறிய நிறையும் கொடுத்துச் சேர்க்கிறோம்.

அந்த நிறை எவ்வளவு? இணையத்தில் எங்கு பார்த்தாலும் 0.98 உம் 0.02 உம். பறக்கும் பொம்மைக்கும் தானே நிற்கும் இரு சில்லு வண்டிக்கும் அது சரி. செக்கனுக்கு 100 வாசிப்பில் 0.98 என்றால் நினைவு நீளம், அதாவது சுழிமானியை நம்பும் நேரம், அரைச் செக்கன் மட்டுமே. அதற்குமேல் ஆர்முடுகல்மானி சொல்வதே முடிவு. 2.5 செக்கனில் ஆடுகிற வள்ளத்தில் மேலே சொன்ன மிகைப் பிழையின் பெரும்பங்கு அப்படியே உள்ளே வந்துவிடும். நினைவு நீளம் ஆட்டக் காலத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 10 செக்கன் என்று வைத்தால் நிறைகள் 0.999 உம் 0.001 உம்.

இன்னும் கூட்டினால் இன்னும் நல்லதா? இல்லை. சுழிமானியில் மிஞ்சிய பூச்சியப் பிழை நினைவு நீளத்தால் பெருகித் திரையில் நிலைத்து நிற்கும். செக்கனுக்கு 0.05 பாகை பிழை, 10 செக்கனில் அரைப் பாகையாகும். 60 செக்கனில் 3 பாகையாகும். 10 முதல் 15 வரை நல்ல இடம். 10 செக்கனிலும், மேலே சொன்ன திருப்பத்தை 5 செக்கன் தொடர்ந்தால் 4 பாகைக்கு மேல் பொய் சேரும். ஆகவே திரும்பும் நேரத்தில் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்.

திரையால் வரும் ஒரு பொறி உண்டு. ஓஎல்இடி திரை முழுவதையும் ஒருமுறை வரைய 1024 பைற் அனுப்ப வேண்டும். 100 கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் அதற்கே 90 மில்லிசெக்கனுக்கு மேல் போகும். அந்த நேரத்தில் உணரி வாசிக்கப்படுவதில்லை. நிரலில் ‘ஒரு சுற்று 10 மில்லிசெக்கன்’ என்று எண்ணாக எழுதிவைத்தால் சுழிமானி அளந்ததில் பத்திலொன்றுதான் கணக்கில் சேரும். வள்ளம் 15 பாகை ஆடும், திரை 2 பாகை காட்டும். வழி மூன்று: தரவு வேகத்தை 400 கிலோஹேர்ட்ஸ் ஆக்குங்கள்; செக்கனுக்கு 5 முறை மட்டும், மாறிய எழுத்துகளை மட்டும் எழுதும் எளிய நூலகத்தைப் பாவியுங்கள்; ஒவ்வொரு சுற்றிலும் கடந்த நேரத்தை மைக்ரோசெக்கன் கடிகாரத்தால் அளந்து அதையே பெருக்குங்கள். மூன்றையும் செய்யுங்கள். எழுத்துகளை மட்டும் எழுதும் நூலகம் நினைவகத்தையும் காப்பாற்றும், நானோவில் இருப்பதே 2048 பைற்.

ஆட்டக் காலத்துக்கு, சராசரியைக் கழித்த கோணம் பூச்சியத்தைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் நேரங்களைக் குறித்து, அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையிலான நேரத்தை எடுங்கள். முன்பு –1 பாகைக்குக் கீழே போயிருந்தால் மட்டுமே கடப்பை எண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சிற்றலையும் ஓர் ஆட்டமாகிவிடும். கடைசி ஐந்தின் சராசரியைக் காட்டுங்கள்.

பூச்சியம் வைத்தல்

கரையில் இரண்டு வேலை. முதலாவது சுழிமானி. கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அசையாத மேசையில் 20 செக்கன் வாசித்துச் சராசரியை நிலையான நினைவகத்தில் பதியுங்கள். பூச்சியம் வெப்பத்தோடு நகரும் என்பதால் குளிர்ந்த அறையில் வைத்த பூச்சியம் மதிய வெயிலில் பொருந்தாது.

மாதிரி நிரல்கள் பல, மின் கொடுத்தவுடன் ஓரிரு செக்கன் வாசித்து அதையே சுழிமானியின் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கின்றன. மேசையில் சரி. மிதக்கும் வள்ளத்தில் அந்த 3 செக்கனுக்குள் வள்ளம் 5 பாகை ஆடினால் செக்கனுக்கு 1.7 பாகை பிழை பதியும். 10 செக்கன் நினைவு நீளத்தில் அது 17 பாகை நிலையான பொய்ச் சாய்வு. கருவி பழுது என்று கடலில் எறிவார்கள். தண்ணீரில் பூச்சியம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் குறைந்தது ஒரு நிமிடம் சராசரி எடுங்கள். ஆட்டம் போய்வருவதால் பிழை செக்கனுக்கு 0.1 பாகைக்குள் அடங்கும்.

இரண்டாவது ஆர்முடுகல்மானி. மட்டமான மேசையைத் தேடத் தேவையில்லை. பெட்டியை வைத்து வாசியுங்கள். அதே இடத்தில் 180 பாகை திருப்பி மீண்டும் வாசியுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் வருவது கருவியின் சொந்தப் பிழை. மேசையின் சரிவு தானாகக் கழிந்துவிடும்.

அளவு சரியா என்று பார்க்க 573 மில்லிமீற்றர் நீளப் பலகை ஒன்று வெட்டுங்கள். ஒரு முனையை 10 மில்லிமீற்றர் உயர்த்தினால் 1 பாகை, 50 உயர்த்தினால் 5, 100 உயர்த்தினால் 10. பலகையில் பெட்டியைக் குறுக்காக வைத்து, ஒவ்வொரு உயரத்திலும் ஒரு நிமிடம் காத்திருந்து வாசியுங்கள். நினைவு நீளம் 10 செக்கன் என்பதை மறந்து உடனே வாசித்தால் வீணாகத் தலையைப் பிய்ப்பீர்கள்.

பெட்டியும் இடமும்

பலகைகளின் இரு பக்கமும் நிறமற்ற நகப்பூச்சை இரண்டு தடவை பூசுங்கள். இணைப்பு முனைகளையும் திரைக் கண்ணாடியையும் விட்டுவிடுங்கள். துளைகளை அடைக்கும் சிலிக்கன், வினாகிரி மணம் வராத வகையாக இருக்கட்டும். அந்த மணம் அசற்றிக்கமிலம். மூடிய பெட்டிக்குள் செப்பை அரிக்கும். உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். வெயிலில் சூடான பெட்டி கடல்நீர் பட்டுக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சிறு ஓட்டையாலும் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே வயர் நுழைவைக் கீழ்ப்பக்கத்தில் வையுங்கள்.

இடம் பற்றி: ஆட்டத்தைப் பொறுத்தவரை அணியமா பின்பக்கமா என்பது முக்கியமில்லை, உயரமும் நடுக்கோடும்தான் முக்கியம். என்ஜினுக்கு முன்னுள்ள கடைசிக் குறுக்குப் பலகையின் கீழ், நடுக்கோட்டில், என்ஜின் பிடிப்பவர் குனிந்து பார்க்கக்கூடியதாகப் பொருத்தலாம். என்ஜின் பூட்டும் பலகையில் வேண்டவே வேண்டாம். பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் மெல்லிய இறப்பர்த் தகடு. மெத்தை போன்ற பஞ்சு வைத்தால் பெட்டி தானே ஆடத் தொடங்கும்.

பெட்டியின் நீளப்பக்கம் ஏராவுக்கு, அதாவது அடியின் நடு நீளக்கோட்டுக்கு, சமாந்தரமாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். 5 பாகை திரும்பியிருந்தால், வள்ளம் அலையில் முன்பின்னாக 10 பாகை எழும்பும்போது பக்கச் சாய்வில் கிட்டத்தட்ட 0.9 பாகை பொய்யாகத் தோன்றும். திசைகாட்டி இருந்தால் பஸரின் காந்தத்திலிருந்து அதை ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள்.

தண்ணீரில் சோதனை

கிழக்குக் கரையில் சோளகக் காலத்து விடிகாலையும் மேற்குக் கரையில் வாடைக் காலமும் இதற்கு ஏற்றவை. களப்பில் செய்வதென்றால் வள்ளத்தின் அடியில் போதிய தண்ணீர் இருக்க வேண்டும். நந்திக்கடல் போன்ற ஆழமற்ற இடத்தில் அடி தரையை நெருங்கினால் ஆட்டக் காலம் நீண்டு காட்டும். கயிறுகள் தளர்வாக இருக்கட்டும்.

முதலில் நிலையான சாய்வு. மேசன்மார் மட்டம் பிடிக்கும் ஒளிபுகும் குழாயில் நிறத் தண்ணீர் விட்டு, இரு விளிம்பிலும் 1.5 மீற்றர் இடைவெளியில் கட்டுங்கள். இருவர் ஒரு பக்கம் போய் அசையாமல் உட்காரட்டும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் விளிம்புக்கும் உள்ள தூரங்களின் வித்தியாசம் 26 மில்லிமீற்றர் என்றால் 1 பாகை, 131 என்றால் 5. கருவியோடு 1 பாகைக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வழமையான குற்றவாளி பூச்சியம்தான்.

பிறகு ஆட்டம். ஒருவர் விளிம்பை மாறி மாறி அமத்தி 2 முதல் 6 பாகை வரை ஆடவைத்து, கையை எடுத்துவிட்டு, வள்ளம் தானாக ஆடட்டும். பெரிய கலங்களில் ஐந்து முழு ஆட்டம் எண்ணச் சொல்வார்கள். தட்டை அடியுள்ள கண்ணாடியிழை வள்ளம் அதற்குள் அடங்கிவிடும். மூன்று ஆட்டம் எடுத்து, முழுதாக ஓய்ந்த பின் மீண்டும் இரண்டு முறை செய்யுங்கள். நிறுத்தற்கடிகாரத்தாலும் அளந்து கருவியோடு ஒப்பிடுங்கள். வெறும் வள்ளத்தில் ஒருமுறை, எரிபொருள், வலை, ஆட்கள் என்று வழமையான பாரத்தோடு ஒருமுறை. இரண்டாவது எண்ணே உங்கள் அடிப்படை. அதைப் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

உள்ளிணைப்பு என்ஜினுள்ள தளமிட்ட கலத்தில் இந்த எண்ணிலிருந்து, கப்பல்காரர் ஜீ.எம். என்று சொல்லும் நிலைப்பு உயரத்தையே (கலம் நிமிரும் வலுவின் அளவை) கணிக்கலாம். அகலத்தை 0.8 ஆல் பெருக்கி, ஆட்டக் காலத்தால் பிரித்து, வர்க்கியுங்கள். 0.8 ஆழ்கடல் மீன்பிடிக் கலங்களுக்கான குணகம். உயிர்மீன் தொட்டியுள்ளவற்றுக்கு 0.6. 3.5 மீற்றர் அகலக் கலம் 2.8 செக்கனில் ஆடினால் 1 மீற்றர். 4 செக்கனில் ஆடினால் 0.49 மீற்றர். ஒற்றைத் தள மீன்பிடிக் கலத்துக்குச் சர்வதேச விதிக்கோவை கேட்பது குறைந்தது 0.35 மீற்றர், அந்த அகலத்துக்கு 4.7 செக்கன். அது 24 மீற்றரும் அதற்கு மேலுமான நீளக் கலங்களுக்கு எழுதப்பட்டது. சிறியவற்றுக்கு ஒப்புநோக்க மட்டும் கொள்ளலாம். திறந்த வள்ளத்தில் ஆட்களின் நிறையே பாரத்தின் பெரும்பங்கு, அவர்களோ ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆகவே உயரத்தைக் கணிக்காமல் உங்கள் சொந்த அடிப்படையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எச்சரிக்கை ஒலி எப்போது

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கத்துகிற பஸரின் வயரை இரண்டாம் நாளே யாராவது வெட்டிவிடுவார்கள். மூன்று சந்தர்ப்பம் போதும்.

சராசரிச் சாய்வு 5 பாகைக்கு மேல் ஒரு நிமிடம் தொடர்ந்தால் ஒரு ஒலி.

ஆட்டக் காலம் அடிப்படையைவிட 25 வீதம் நீண்டால் இன்னொரு ஒலி. கால்வாசிதானே என்று நினைக்க வேண்டாம்: காலம் 1.25 மடங்கானால் நிலைப்பு உயரம் 64 வீதமாகக் குறைந்திருக்கிறது. இரண்டு மடங்கானால் கால்வாசிதான் மிச்சம். ஓடும்போது அலையின் தாளம் ஆட்டக் காலத்தோடு கலந்துவிடுவதால், இந்த எண்ணை என்ஜினை நிறுத்தி வள்ளம் தானாக ஆடும் வேளையில் பாருங்கள். வலை ஏற்றி முடித்து, கரைக்குத் திரும்புமுன் பார்ப்பது மிகப் பொருத்தம்.

மூன்றாவது, விளிம்பு தண்ணீரைத் தொடும் கோணத்தின் பாதி. விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரத்தை அகலத்தின் பாதியால் பிரித்து நேர்மாறு தாஞ்சன் எடுங்கள். 1.8 மீற்றர் அகல வள்ளத்தில் விளிம்பு 45 சென்ரிமீற்றர் நின்றால் 26 பாகைக்குச் சற்று மேல் வரும். ஒலி 13 இல் எழட்டும். மீன் ஏறி விளிம்பு 30 சென்ரிமீற்றருக்கு இறங்கினால் அதே கோணம் 18 ஆகிவிடும், ஒலி 9 இல். பாரத்துக்கு ஏற்ப மாற்ற ‘வெறும்’, ‘பாரம்’ என்று ஒரு சுவிட்ச் வையுங்கள். இது ஒருமுறை தாண்டினாலே ஒலிக்க வேண்டும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

எண் உறைந்து நிற்கிறது என்றால் தரவு வயரில் அதிர்வு அல்லது மின் இரைச்சல். நிரலில் காவல்நாய்க் கடிகாரத்தை இயக்கி 2 செக்கனில் தானே மீளத் தொடங்கச் செய்யுங்கள். மீளத் தொடங்கும்போது பூச்சியம் நினைவகத்திலிருந்து வர வேண்டும், புதிதாக எடுக்கக் கூடாது. முதல் வாசிப்பை ஆர்முடுகல்மானியிலிருந்து எடுத்து அதிலிருந்து கலவையைத் தொடங்குங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்கினால் உண்மைக் கோணத்தை எட்ட அரை நிமிடம் போகும்.

கரையில் சரி, என்ஜின் வேகம் கூடியதும் ஒரு பக்கமாக நகர்கிறது என்றால் சிப்பின் வடிகட்டி அமையவில்லை, அல்லது 8 ஜி வீச்சு பதியவில்லை. காலையில் சரி, மதியத்தில் 2 பாகை கூடுகிறது என்றால் வெப்பம். பெட்டியின் மேல் வெள்ளைத் தகடு ஒன்றை ஒரு விரல் இடைவெளி விட்டு நிழலாகப் பொருத்துங்கள். திசை தலைகீழாகக் காட்டினால் பலகை பின்னோக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. நிரலில் குறியை மாற்றுவதென்றால் ஆர்முடுகல்மானி, சுழிமானி இரண்டிலும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் ஒவ்வொரு ஆட்டமும் முதலில் தவறான பக்கம் பாய்ந்து பிறகு மெல்லத் திரும்பும்.

பகல் வெயிலில் ஓஎல்இடி திரை தெரியாது. கறுப்புப் பிளாஸ்ரிக்கில் ஒரு சிறு மறைப்பு ஒட்டுங்கள், அல்லது இடம், நடு, வலம் என மூன்று பிரகாச எல்இடி சேர்த்துவிடுங்கள். இரவில் திரையின் பிரகாசத்தை மிகக் குறைவாக்குங்கள். இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால் வலை மிதப்பைத் தேடுவது கடினம்.

பருவம் மாறி வள்ளத்தைக் கரையேற்றும்போது பெட்டியைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லை மாற்றி, 573 மில்லிமீற்றர்ப் பலகையில் 0, 5, 10 பாகைகளை மீண்டும் பாருங்கள். வள்ளத்துக்குப் புது என்ஜின் பூட்டினாலோ, கண்ணாடியிழை பூசி அடியைத் திருத்தினாலோ பழைய அடிப்படை எண் செல்லாது. இறக்கிய முதல் நாளே ஆட்டச் சோதனையைத் திரும்பச் செய்து மூடியின் உட்பக்க எண்ணை மாற்றி எழுதுங்கள்.